அசையும் சிற்பத்தில் எங்கே இருக்கிறது பொறியியல்?

மாணவர் கண்காட்சியில் ரோபோ நின்றால் அது பொறியியலா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து மேசையில், கைப்பிடியைச் சுற்றினால் இறக்கையடிக்கும் அட்டைப் பறவையோ, காற்றுக்கு மெல்லத் திரும்பும் கம்பித் தொங்கலோ இருந்தால் மட்டும் குழப்பம் வருகிறது. "இது கைவினை வகுப்பு வேலை மாதிரி இருக்கிறதே, பொறியியல் வடிவமைப்பு என்று ஏன் பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பதின்பருவப் பிள்ளைகளின் நேரம் குறைவு, தேர்வுகள் அதிகம்; ஆகவே கேள்வி நியாயமானது.

என் பதில் இது. பொறியியலில் கணக்குப் போடுவது ஒரு பாதி. எதைக் கணக்கிட வேண்டும் என்று முடிவு செய்வது இன்னொரு பாதி. பாடநூல்கள் முதல் பாதியை நன்றாகவே சொல்லித் தருகின்றன. இரண்டாம் பாதியைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க அசையும் சிற்பத்தைப் போலப் பொருத்தமான வேலை வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

அசையும் சிற்பம் (கைனட்டிக் சிற்பம் என்றும் சொல்வார்கள்): அசைவே கலைப்பொருளின் பகுதியாக இருக்கும் சிற்பம். அசைய வைப்பது காற்றாக இருக்கலாம், கையால் சுற்றும் கைப்பிடியாகவோ ஈர்ப்பு விசையாகவோ மின்மோட்டாராகவோ இருக்கலாம். 1913இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் ஒரு சைக்கிள் சக்கரத்தை முக்காலியின் மேல் தலைகீழாகப் பொருத்தினார். 1920 வாக்கில் மாஸ்கோவில் ரஷ்யச் சிற்பி நௌம் காபோ ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை மின்சாரத்தால் வேகமாக அதிர வைத்தார். ஒற்றைக் கம்பி, அதிர்வில் பருமனுள்ள ஓர் உருவமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதை அவர் செய்ததே அசைவு என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளக்கத்தான். அசையும் சிற்பத்தின் தொடக்க காலப் படைப்புகளில் ஒன்று கற்பிக்கும் கருவியாகவே பிறந்திருக்கிறது.

பொறியியல் வடிவமைப்பு: ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, கையிலுள்ள பொருள், நேரம், இடம் ஆகியவற்றின் எல்லைக்குள், அதை நிறைவேற்றும் ஒன்றை உருவாக்குவது. அறிவியல் "இது ஏன் இப்படி நடக்கிறது?" என்று கேட்கிறது. வடிவமைப்பு "இப்படி நடக்க வேண்டுமானால் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறது. இதற்குப் பல விடைகள் உண்டு. எது நல்ல விடை என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தேவைப் பட்டியல்: செய்யப்போகும் பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, அளந்து பார்க்கக்கூடிய சொற்களில் எழுதியது. "அழகாக அசைய வேண்டும்" என்பது விருப்பம். "5 நொடிக்கு ஒரு முறை, 4 செ.மீ. உயர வேண்டும்" என்பது தேவை. இந்தக் கட்டுரை முழுவதும் விருப்பம் தேவையாக மாறும் அந்த இடத்தைச் சுற்றியே போகிறது.

கலைக்கும் பொறியியலுக்கும் நடுவே சுவர் இருந்ததாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தொங்கும் சிற்பங்களுக்குப் பேர்போன அலெக்சாண்டர் கால்டரின் தந்தையும் தாத்தாவும் சிற்பிகள். அவரோ 1919இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர்.

## ரோபோ போதாதா?

ரோபோப் போட்டிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றில் பிள்ளைகள் நிறையக் கற்கிறார்கள். ஆனால் போட்டியில் தேவைப் பட்டியலைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்: இந்தப் பந்தை எடு, அந்தக் கூடையில் போடு, இத்தனை நிமிடத்துக்குள் முடி. மாணவர் அங்கே தீர்வைத்தான் தேடுகிறார், கேள்வியைத் தேடுவதில்லை. பெட்டியில் வரும் கிட் இன்னும் ஒரு படி கீழே. அதில் தீர்வும் அச்சிட்டு வந்துவிடுகிறது.

சிற்பத்தில் "என்ன அசைவு வேண்டும்?" என்று சொல்ல வேண்டியவர் மாணவரே. அவரிடம் முதலில் இருப்பது ஓர் உணர்வு மட்டும். அதை எண்ணாக்கும் வேலையை ஓர் எடுத்துக்காட்டோடு முழுதாகப் பார்த்துவிடலாம்.

ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "ஒரு சிறு உருவம் தயங்கித் தயங்கி மேலே ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் சட்டென்று விழ வேண்டும்."

1. நேரம். ஒரு சுற்று எவ்வளவு நேரம்? கையால் நடித்துப் பார்த்து, கடிகாரத்தில் அளந்து, 5 நொடி என்று முடிவாகிறது. அப்படியானால் சிற்பத்தை ஓட்டும் சுழல் அச்சு நிமிடத்துக்கு 12 சுற்று சுற்ற வேண்டும்.

2. உயரம். தள்ளி நின்று பார்ப்பவருக்கும் தெரிய 40 மி.மீ. போதும் என்று தோன்றுகிறது.

3. "தயங்கி" என்றால் என்ன? ஏறு, நில், ஏறு, நில், ஏறு, நில். மூன்று ஏற்றம், மூன்று நிறுத்தம். ஏறுவதற்கு 4 நொடி, விழுந்து கீழே கிடப்பதற்கு 1 நொடி. 4 நொடி என்பது முழுச் சுற்றான 360 பாகையில் 288 பாகை. ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 48 பாகை.

4. "சட்டென்று" என்றால் என்ன? தடையின்றி விழும் பொருள் 40 மி.மீ.யைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே விழுவதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். தாங்கியிருப்பதை விலக்கினால் ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும்.

இப்போது அவள் கையில் ஒரு கேம் உருவாகிவிட்டது. கேம் என்பது வட்டமாக இல்லாத ஒரு தட்டு. அச்சோடு சேர்ந்து அது சுற்றும்போது, அதன் விளிம்பில் நிற்கும் தண்டு விளிம்பின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மேலும் கீழும் போகும். இங்கே அந்த விளிம்பு நத்தை ஓடு போல 20 மி.மீ. ஆரத்தில் தொடங்கி, மூன்று படிகளாக 60 மி.மீ. வரை விரிந்து, செங்குத்தாக ஒடிந்து மறுபடி 20க்கு வருகிறது.

அட்டையில் வெட்டிப் பொருத்திச் சுற்றினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மூன்று படிகளும் ஒரே உயரம்தான், ஒவ்வொன்றும் சுமார் 13 மி.மீ. ஆனால் முதல் படியில் தண்டு சிக்கித் திணறுகிறது. மூன்றாம் படியில் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. ஏன்? மையத்துக்கு அருகே 48 பாகை என்பது விளிம்பில் சுமார் 22 மி.மீ. நீளம்தான். வெளிப்புறத்தில் அதே 48 பாகை சுமார் 45 மி.மீ. நீளம். அதே உயரத்தைக் குறுகிய தொலைவில் ஏறினால் சரிவு செங்குத்தாகிறது: முதல் படியின் சரிவு சுமார் 31 பாகை, கடைசிப் படியில் 17க்கும் கீழே. சரிவு கூடக்கூட கேம் தண்டை மேலே தூக்குவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது. துளையின் சுவரில் தண்டு சாய்ந்து இறுகிக்கொள்கிறது. கேம் வடிவமைப்பவர்கள் 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

அவளுக்கு இப்போது பல வழிகள் உண்டு. கேமையே பெரிதாக்கலாம், பெட்டியில் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். முதல் படியை உயரம் குறைந்ததாக்கிக் கடைசிப் படியைக் கூட்டலாம். அசைவின் உணர்வு மாறும், ஒருவேளை நல்லதாகவே மாறும். தண்டின் அடியில் சிறு உருளை வைக்கலாம். உராய்வு குறையும், வேலை கூடும். தண்டு நுழையும் வழிகாட்டித் துளையை நீளமான குழாயாக்கலாம். ஒவ்வொன்றும் எதையோ கொடுத்து எதையோ எடுக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை அந்தச் சிற்பம் என்ன சொல்ல வேண்டும் என்று அறிந்தவர் மட்டுமே முடிவு செய்ய முடியும். அவர் ஆசிரியர் இல்லை, அந்த மாணவி.

பொறியியல் வடிவமைப்பு என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். ஒரு சொல்லில் தொடங்கியது, எண்ணாகி, அட்டையாகி, சிக்கி, காரணம் தேடப்பட்டு, மறுபடி அந்தச் சொல்லுக்கே வந்து நிற்கிறது.

## தொங்கலில் தொடங்குவது ஏன் நல்லது

மோட்டாரும் பசையும் இல்லாமல் தொடங்கக்கூடியது தொங்கும் சிற்பம். 1931இல் கால்டரின் அசையும் படைப்புகளுக்கு "மொபைல்" என்று பெயர் வைத்தவர் அதே டூஷாம்ப்தான். ஒரு குறடு, கம்பி, நூல், வெட்டிய அட்டைத் துண்டுகள், ஒரு சிறு தராசு இருந்தால் போதும்.

அடிப்படை நெம்புகோல் விதி: ஆதாரப் புள்ளியின் இரு பக்கமும் எடையைத் தொலைவால் பெருக்கிய தொகை சமமாக இருக்க வேண்டும். 25 செ.மீ. கம்பியின் ஒரு முனையில் 20 கிராம், மறு முனையில் 30 கிராம். எங்கே தூக்கினால் சமநிலை? 20 கிராம் முனையிலிருந்து 15 செ.மீ. இருபதைப் பதினைந்தால் பெருக்கினால் 300. முப்பதைப் பத்தால் பெருக்கினாலும் 300. பாடநூல் இங்கே முடிந்துவிடும்.

கம்பியைத் தூக்கிப் பாருங்கள், சாய்கிறது. காரணம் கம்பிக்கும் எடை உண்டு. அது 5 கிராம் என்றால், அந்த எடை கம்பியின் நடுவில், அதாவது 12.5 செ.மீ.யில் இருப்பதாக எடுத்துக்கொண்டு மறுபடி கணக்கிட வேண்டும். புதிய விடை 14.8 செ.மீ.க்குச் சற்றுக் கீழே. 2 மி.மீ.யைச் சற்றே தாண்டிய வித்தியாசம். காகிதத்தில் அது ஒன்றுமில்லை. காற்றுக்கு அசைய வேண்டிய கம்பிக்கு அது பெரிய விஷயம். "கணக்கு தப்பா, கம்பி தப்பா?" என்று குழம்பும் பிள்ளை, கணக்கு என்பது உலகத்தைப் பற்றிய ஓர் எளிமையான படம் என்றும், அந்தப் படத்தில் எதை விட்டோம் என்று தேட வேண்டும் என்றும் அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

அடுத்தது நிலைப்பு. எடை சமமாக இருந்தும் சில கம்பிகள் சாய்த்த இடத்திலேயே நிற்கும், சில கவிழ்ந்தே போகும், சில தாமாக நேராகும். மூன்று புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: தூக்கும் புள்ளி ஒன்று, எடைகள் தொங்கும் புள்ளிகள் இரண்டு.

1. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கம்பி எந்தச் சாய்விலும் நிற்கும்.
2. தூக்கும் புள்ளி மற்ற இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே இருந்தால் கவிழும்.
3. மேலே இருந்தால் எவ்வளவு ஆட்டினாலும் திரும்ப வந்து சேரும்.

கம்பியை வில் போல மேல்நோக்கி வளைத்தால் மூன்றாவது நிலை தானாகக் கிடைக்கிறது. வளைவைக் கூட்டக்கூட உறுதி கூடும். கூடவே மெல்லிய காற்றுக்கு அசையும் குணம் குறையும். மிக உறுதியான தொங்கல் உயிரற்றுத் தொங்கும். மிக நுட்பமானது கதவு திறந்தாலே தலைகீழாகும். எந்த அளவு வேண்டும்? இங்கேயும் விடை சூத்திரத்தில் இல்லை.

வேலை வரிசையும் ஒரு பாடம். தொங்கலைக் கீழிருந்து மேலாகத்தான் கட்ட வேண்டும். கடைசிக் கம்பியைச் சமன் செய்து, அதன் மொத்த எடையை ஓர் எடையாக வைத்து, மேல் கம்பியைச் சமன் செய்ய வேண்டும். மேலிருந்து தொடங்கும் குழு ஒவ்வொரு துண்டு சேர்க்கும்போதும் எல்லாவற்றையும் திருத்த நேரிடும். ஒரு முறை அப்படி மாட்டிக்கொண்டவருக்கு, எந்தப் பகுதியை முதலில் முடிக்க வேண்டும் என்று யோசிப்பது பழக்கமாகிவிடும்.

## நான்கு சட்டங்கள், ஒரு விதி

இறக்கை அடிப்பது, நடப்பது, தலையாட்டுவது போன்ற அசைவுகளுக்குப் பெரும்பாலும் தண்டு இணைப்புகள் வேண்டும். நான்கு சட்டங்களை, அதாவது நீளமான பட்டைகளை, நான்கு ஊசிகளால் இணைத்தால் எளிமையான இணைப்பு கிடைக்கும். ஒரு சட்டம் தரையோடு நிலையானது. அதையடுத்த குட்டைச் சட்டம் முழுதாகச் சுற்றும் க்ராங்க். எதிர்ப்பக்கச் சட்டம் முன்னும் பின்னும் ஆடும். நடுவிலுள்ளது இரண்டையும் இணைக்கும்.

அட்டைப் பட்டைகளில் 4, 8, 9, 10 செ.மீ. நீளத்தில் செய்தால் அழகாகச் சுற்றும். இறக்கை இன்னும் அகலமாக அடிக்கட்டும் என்று 4 செ.மீ. க்ராங்கை 8 ஆக்குவார்கள். கேட்கவே வேண்டாம், எல்லாக் குழுவும் செய்யும். இயந்திரம் பாதிச் சுற்றில் இறுகி நின்றுவிடும். ஊசியைத் தளர்த்துவார்கள், பசையைக் குறை சொல்வார்கள், அட்டையை மாற்றுவார்கள். ஒன்றும் உதவாது. பிரச்சினை வடிவியலில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரான்ஸ் கிராஸ்ஹோஃபின் பெயரால் வழங்கும் விதி இதைச் சொல்கிறது: மிகக் குட்டையான சட்டத்தையும் மிக நீளமான சட்டத்தையும் கூட்டினால், அது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எந்தச் சட்டமும் முழுச் சுற்றுச் சுற்றாது. நான்கும் பத்தும் 14, எட்டும் ஒன்பதும் 17, ஓடும். எட்டும் பத்தும் 18, ஓடாது. க்ராங்க் 7 செ.மீ. என்றால் சரியாக எல்லையில் நிற்கிறது. சட்டங்கள் எல்லாம் ஒரே கோட்டில் விழும் இடத்தில், எந்தப் பக்கம் மடங்குவது என்று தெரியாமல் இணைப்பு தடுமாறும்.

விதியை முதலில் சொல்லிவிடலாமா, சிக்கிய பிறகு சொல்லலாமா? சிக்கிய பிறகு என்பேன். கால் மணி நேரம் போராடியவருக்கு அந்த ஒரு வரி விதி மறக்கவே மறக்காது. ஆனால் கால் மணிதான். ஒரு மணி நேரம் தவிக்கவிட்டால் வேலையையே வெறுத்துவிடுவார்கள்.

இந்தப் பாதையில் மிக உயரம் போனவர் நெதர்லாந்தின் தியோ யான்சன். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். 1990 முதல், மின்கம்பி செல்லும் பிளாஸ்டிக் குழாய்களால் கடற்கரையில் காற்றின் விசையில் நடக்கும் பிரம்மாண்ட உருவங்களைச் செய்துவருகிறார். ஒரு காலின் தண்டுகளுக்கு வேண்டிய 11 நீள அளவுகளை அடாரி என்ற பழைய வகைக் கணினியில், பரிணாமத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாக மாற்றித் தேர்ந்தெடுக்கும் முறையில் கண்டுபிடித்தார். கணினியிடம் அவர் கேட்டது "நட" என்று அல்ல. பாதம் தரையைத் தொட்டிருக்கும் நேரம் முழுக்க நேர்கோட்டில் நகர வேண்டும். அப்போதுதான் உடல் மேலும் கீழும் குதிக்காது, குதிக்காவிட்டால் விசை வீணாகாது. தேவையைச் சரியாகச் சொன்னதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் முதல் பாதி.

## மோட்டார் வரும்போது

மோட்டாரைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் விசையால் தீர்க்கப் பார்ப்பார்கள். கையால் லேசாகச் சுற்றும் நிலை வரும்வரை மோட்டார் மேசைக்கு வராமலிருப்பது நல்லது. கைதான் சிறந்த அளவுக் கருவி. எந்த இடத்தில் கனக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

சிறு பொம்மை மோட்டார்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். நமக்கு வேண்டியது 12. பற்சக்கரம் இங்கே உதவுகிறது. 10 பற்கள் கொண்ட சக்கரம் 50 பற்கள் கொண்டதைச் சுற்றினால் வேகம் ஐந்தில் ஒன்றாகும். முறுக்குவிசை (சுழற்றும் வலு), உராய்வில் போவது போக, ஏறக்குறைய ஐந்து மடங்காகும். இப்படி நான்கு அடுக்கு வைத்தால் 625 மடங்கு குறைவு. 6,000 சுற்று 9.6 ஆகிவிடும். 12 வேண்டுமென்றால் மோட்டார் 7,500இல் ஓட வேண்டும், அல்லது ஒரு அடுக்கில் பல் எண்ணிக்கையை மாற்ற வேண்டும்.

பெருக்கம் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை அமெரிக்கச் சிற்பி ஆர்தர் கேன்சன் ஒரு சிற்பமாகவே செய்திருக்கிறார். ஒரு மோட்டார் நிமிடத்துக்கு சுமார் 200 சுற்று சுற்றுகிறது. அதன் பின்னே 50க்கு 1 என்று குறைக்கும் 12 வார்ம் கியர் ஜோடிகள் (திருகு போன்ற தண்டு ஒரு பற்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு). கடைசிச் சக்கரம் கான்கிரீட் கட்டிக்குள் புதைந்திருக்கிறது. மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, ஒன்றும் உடைவதில்லை. 50ஐ 12 முறை பெருக்கி, 200ஆல் வகுத்து, நிமிடத்தை ஆண்டாக்கச் சொன்னால் மாணவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள்: கடைசிச் சக்கரம் ஒரு முறை சுற்ற 2 லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அடுக்கு எண்களின் மேல் பயபக்தி வர இதைவிட நல்ல வழி இல்லை.

## ஒரு திட்டம் நடக்கும் விதம்

1. அசைவைச் சொல்லில் எழுதுதல். ஒரே வாக்கியம். படம் பிறகு.
2. சொல்லை எண்ணாக்குதல். நேரம், தூரம், திசை, எத்தனை முறை.
3. கட்டுப்பாடுகளைக் குறித்தல். பெட்டியின் அளவு, பொருள்கள், நாள்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிள்ளைகள் மலைத்துப்போவார்கள். கொஞ்சம் இறுக்கம் யோசனையைக் கிளப்பும்.
4. மூன்று வழிகளாவது வரைதல். முதலில் தோன்றியதையே பிடித்துக்கொள்வது பெரியவர்களுக்கும் உள்ள பழக்கம். அதை உடைக்கத்தான் இந்த மூன்று.
5. தட்டையான அட்டை மாதிரி. ஊசி, பட்டை மட்டும். பசை கூடாது. பத்து நிமிடத்தில் பிரித்துப் போடக்கூடியதாக இருக்க வேண்டும்.
6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டை மாற்றி ஓடினால் எது ஓட்டியது என்று தெரியாது.
7. நிலையான பொருளில் செய்தல்.
8. ஒரு மணி நேர ஓட்டம்.

எட்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 720 முறை. வகுப்பில் ஐந்து முறை சுற்றிக் கைதட்டு வாங்கிய சிற்பம், 720 முறையில் தன் பலவீனங்களை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அட்டைத் துளை முட்டை வடிவமாகத் தேயும். மடக்கிய கம்பி மடக்கிய இடத்திலேயே ஒடியும். விசை குறைவாக இருந்தாலும், திரும்பத் திரும்ப வளைந்தால் உலோகம் களைத்துவிடும். மிகவும் அடிக்கடி நடப்பது, உருண்டை அச்சின் மேல் ஒட்டிய கேம் பசை விட்டுச் சுழன்றுபோவது. கூடுதல் பசை இதற்குத் தீர்வு ஆகாது. அச்சைச் சதுரமாக்குவதோ, கேமையும் அச்சையும் ஊடுருவும் ஒரு குறுக்கு ஊசியோதான் தீர்வு. விசையைப் பசையிடம் ஒப்படைக்காமல் வடிவத்திடம் ஒப்படைக்கும் அந்த யோசனை, உண்மையான இயந்திரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அசைவு நின்றால் கண்டுபிடிக்கும் ஒழுங்கும் கற்றுத்தரப்பட வேண்டியது. தண்டை எடுத்துவிட்டு அச்சை மட்டும் சுற்று. லேசாகச் சுற்றினால் குறை தண்டில். கனத்தால் குறை அச்சில். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துப் போனால் ஐந்தாறு கேள்விகளில் இடம் தெரிந்துவிடும். 3 மி.மீ. அச்சுக்கு 3 மி.மீ. துளை போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். சுற்ற வேண்டிய துளைக்குச் சற்று இடைவெளி வேண்டும், பிடிக்க வேண்டிய துளைக்கு இடைவெளியே கூடாது. ஒரே அச்சில் இரண்டும் வரும்.

## எங்கே கெட்டுப்போகிறது

ஆசிரியரின் கை. நிற்கும் சிற்பத்தை ஆசிரியர் வாங்கி, இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டால் சிற்பம் ஓடும், பாடம் போய்விடும். "சுற்றும்போது எந்த இடத்தில் கனக்கிறது? அங்கே எது எதைத் தொடுகிறது?" என்று கேட்பது போதும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கடினம் என்பது தெரியும். அன்பால்தான் ஆசிரியர்கள் கை நீட்டுகிறார்கள்.

வெட்டிய வார்ப்பு. எல்லாருக்கும் ஒரே அச்சிட்ட தாளைக் கொடுத்தால் முப்பது ஒரே மாதிரிப் பறவைகள் வரும். முதல் நாள் கத்தரியும் ஊசியும் பழகுவதற்கு அது சரி. இரண்டாம் நாள் அது வேண்டாம்.

3டி பிரிண்டர். நல்ல கருவி, ஆனால் தொடக்கத்தில் கெடுதல் செய்யும். அட்டையில் பத்து நிமிடத்தில் தெரியும் தவறு, அச்சிட்டுப் பார்த்தால் அரை நாள் கழித்துத் தெரியும். ஒரு நாளில் பத்து முறை தவறு செய்யும் வாய்ப்பு, ஒரு முறையாகச் சுருங்கிவிடும்.

ஒருவர் கை, மூவர் கண். நால்வர் குழுவில் கைப்பழக்கம் உள்ளவர் கருவியை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சிறுமிகள் "அலங்காரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுக்கப்படுவதும் நடக்கிறது. அதை முதல் நாளே தடுக்க வேண்டும். இருவர் குழுவே போதும். கருவி கைமாற நேரம் குறித்துவிட வேண்டும்.

பாதுகாப்பு. கம்பி வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சூடான க்ளூ கன் (பசையை உருக்கி ஒட்டும் கருவி) ஒரு குறிப்பிட்ட மேசையை விட்டு நகரக் கூடாது. விரல் சிக்கும் இடங்களை வடிவமைப்பின்போதே மாணவர்களே குறித்துக்காட்ட வேண்டும். அதுவும் தேவைப் பட்டியலில் ஒரு வரி.

## மதிப்பெண் எதற்கு?

கடைசியில் ஓடுகிறதா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால், பிள்ளைகள் எளிய அசைவைத் தேர்ந்தெடுத்துப் பத்திரமாக இருப்பார்கள். ஓடுவதற்குக் கொஞ்சம், குறிப்பேட்டுக்கு அதிகம் என்று வைக்கலாம். குறிப்பேட்டில் பார்க்க வேண்டியவை: முதலில் எழுதிய வாக்கியம், அது எண்ணான விதம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் என்ன எதிர்பார்த்தார்கள், பின் என்ன நடந்தது, தேவையையே மாற்றியிருந்தால் ஏன் மாற்றினார்கள். கடைசிக் கேள்வி முக்கியம். "முடியவில்லை, அதனால் மாற்றினோம்" என்பதற்கும் "செய்து பார்த்தபோது இதுதான் எங்களுக்கு வேண்டியது என்று தெரிந்தது" என்பதற்கும் இடையே நிறையத் தூரம் இருக்கிறது.

தோல்வியை எப்படிப் பார்ப்பது என்பதற்கு 1960 மார்ச் 17 ஒரு நல்ல சாட்சி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் சுவிஸ் சிற்பி ஜீன் டிங்குலி, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரு மாபெரும் இயந்திரத்தை ஓட்டினார். உதவியவர்களில் ஒருவர் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவர். இயந்திரம் திட்டமிட்டபடி நடக்கவில்லை. தீப்பற்றி, தீயணைப்பு வீரர்கள் வர நேர்ந்தது. க்ளூவர் அத்தோடு விலகவில்லை. 1966இல் கலைஞர்களையும் பொறியாளர்களையும் சேர்த்து வேலை செய்ய வைக்கும் அமைப்பொன்றை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார்.

## இது தராதவை

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சிற்பத்தில் மாணவர் தன் விருப்பத்துக்கே வடிவமைக்கிறார். இன்னொருவரின் தேவையைக் கேட்டு, அவருக்குப் புரியும்படி செய்வது தனிப் பயிற்சி. முதியவர் ஒருவருக்குப் புட்டி திறக்கும் கருவி செய்வது போன்ற வேலைகளில்தான் அது கிடைக்கும். மின்னணுவியலும் நிரல் எழுதுவதும் இதில் குறைவு. பாலம் தாங்குமா என்பது போன்ற வலிமைக் கணக்குகளும் பெரிதாக வராது. ஆகவே ரோபோவை விலக்கி இதை வைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். இதை முதலில் வைத்தால், ரோபோவுக்குப் போகும் பிள்ளை "இது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கும்.

தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு இன்னும் ஒரு சிறு யோசனை. ஆண்டு முடிவில் நல்ல சிற்பங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓடாமற்போன பாகங்களை ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டையான துளைகள், ஒடிந்த கம்பிகள், முதல் படியில் சிக்கிய கேம்கள். ஒவ்வொன்றிலும் என்ன செய்ய நினைத்தோம், எங்கே நின்றது, எத்தனையாவது சுற்றில் என்று ஒரு சீட்டுக் கட்டியிருக்கட்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டலாம்.